முதுகால் கவ்வாத்து வெட்டியவன்

போன வாரம் இங்கே லண்டனில் ஒரு நர்ஸ் என் காலுக்கு மருந்து கட்டினார். முழங்காலுக்குக் கீழே இருந்த பழைய தழும்புகளைப் பார்த்துவிட்டு, யாராவது சித்திரவதை செய்தார்களா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செய்தது நானேதான், அம்மணி.

ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதும் இலங்கையில் எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிதான் ஞாபகம் வந்தது. தேயிலைச் செடியின் தலையை வெட்டிச் சீராக்கும் கவ்வாத்து மலையில் நான் செடியைவிட என் காலைத்தான் அதிகம் வெட்டிக்கொண்டேன். "இவன வெட்ட விட்டா செடி பொழைச்சிக்கும், இவன் பொழைக்க மாட்டான்" என்று அடுத்த நிரையிலிருந்து அந்தோணி கத்துவான். லயத்து வரிசை வீடுகளில் அவனுக்கு என் பக்கத்துக் காம்பரா. அவன் கத்தி ஒருநாளும் தவறியதில்லை.

அவன் தழும்புகள் முதுகில் இருந்தன. புலி என்று சந்தேகப்பட்டுப் பிடித்துக்கொண்டு போனவர்கள் சிகரெட்டால் சுட்டவை. தப்பி லண்டனுக்கு வந்து தஞ்சம் கேட்டான். எனக்கு ஏற்கெனவே இங்கே ஒரு கடையில் மூட்டை தூக்கும் உத்தியோகம். என் அறையில்தான் தங்கினான். விசாரணைக்கும் துணைக்குப் போனேன்.

விசாரித்த வெள்ளைக்காரர் நல்ல மனிதர். அதுதான் வினை. அவருடைய தாத்தா சிலோனில் தோட்டத் துரையாக இருந்தாராம். தேயிலை ஆட்கள் சாதுவானவர்கள், அவர்களை யாரும் தொட மாட்டார்கள், சண்டையெல்லாம் வடக்கில்தான், தழும்பு கவ்வாத்துக் கத்தி பட்டதாக இருக்கும் என்று எங்களைப் பற்றி எங்களுக்கே பாடம் எடுத்தார். முதுகால் கவ்வாத்து வெட்டிய ஆளை நான் எந்த மலையிலும் பார்த்ததில்லை. அந்தோணி சட்டையைக் கழற்றப் போனான். அவர் கூச்சத்தோடு கையை ஆட்டி வேண்டாமென்றார்.

மொழிபெயர்க்க வந்த யாழ்ப்பாணத்துக்காரர் நிமிராமலே சொன்னார்: "உங்கட பக்கம் பிரச்சினை இல்லையாம். திரும்பிப் போகலாமாம்." எங்கள் பாட்டன்மாரை இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்களின் பேரன்தான் எங்களை நம்பவில்லை.

அனுப்பிவிட்டார்கள். அவன் வீடு போய்ச் சேரவில்லை. மனைவி ரோசம்மா கேட்டுப் போன இடத்திலெல்லாம், அவன் இங்கே வரவே இல்லை, லண்டனில்தான் இருக்கிறான் என்றார்கள். நான் இங்கே கேட்டதற்கு, பத்திரமாகக் கொண்டுபோய் விட்டோம் என்றார்கள்.

ரோசம்மா மாத்தளை டவுனுக்கு வந்து எனக்கு போன் எடுப்பாள். "அண்ணே, அவரு ஒங்க கூடத்தானே இருக்காரு? அங்க ஒருத்திய வச்சிக்கிட்டாரா? சொல்லுங்கண்ணே, நான் தாங்கிக்குவேன்." இங்கே இல்லை, அனுப்பிவிட்டார்கள் என்று நான் எவ்வளவோ சொன்னேன். கூட்டாளியைக் காட்டிக்கொடுக்காமல் மறைக்கிறேன் என்றே நினைத்தாள்.

இப்போது அந்த மலையில் தேயிலை இல்லை, காடு மண்டிவிட்டது. லயத்தை இடித்துவிட்டார்கள். ரோசம்மாவும் போய்விட்டாள். லண்டனில் சொகுசாக இருக்கும் புருஷனைச் சபித்துக்கொண்டே செத்தாளாம்.