சிவசங்கரி டீச்சர் திருத்திய நோட்டு

கேரளத்து வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், கொழுந்து பறிக்கிறவர்களின் மகளாகப் பிறந்தவள் சிவசங்கரி. தேனிப் பக்கம் ஆசிரியப் பயிற்சிக்குப் போனபோது, கரும்பலகையில் 'அறம்' என்பதை 'அரம்' என்று எழுதிவிட்டாள். "மலையாளத்துல இருந்து வந்தவங்களுக்குத் தமிழ் எதுக்கும்மா?" என்றார் வாத்தியார். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குள் ஆறவே இல்லை. எஸ்டேட் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்த நாள்முதல், தன் பிள்ளைகளை எவனும் அப்படிச் சிரித்துவிடக் கூடாதென்று ரகர றகரத்தோடு மல்லுக்கட்டினாள்.

அந்த ஆனி மாதம் நாலாம் வகுப்புக்கு நாட்குறிப்பு எழுதப் பழக்கினாள். முதல் வாரம் எல்லா நோட்டிலும் ஒரே சங்கதி. எழுந்தேன், பல் துலக்கினேன், பள்ளிக்கு வந்தேன்.

"பல்லு எல்லாருந்தான் வெளக்குறோம். நேத்து இல்லாதது இன்னிக்கு உங்க வீட்ல என்ன இருந்துச்சு? அத எழுதுங்க" என்றாள்.

பிள்ளைகள் எழுதினார்கள். இருபத்தெட்டு நோட்டையும் அவள் பஸ்ஸில் மடியில் வைத்துத் திருத்தினாள். யோகப்பிரியா என்கிற வாய் திறக்காத பெண்ணின் நோட்டில் சிவப்பு மை அதிகம். 'சுவறு' என்றே எழுதிக்கொண்டிருந்தாள். 'சுவர்' என்று பத்துத் தடவை எழுதிவரச் சொன்னாள் சிவசங்கரி.

ஆடி பிறந்து ஆறு நாள் விடாத மழை. காலைப் பிரார்த்தனை முடியுமுன் செய்தி வந்தது. மூன்றாம் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த ஆறு வீடுகளில் ஒன்றின் பின்சுவர் சரிந்துவிட்டது. அடுப்படியில் இருந்த சாந்தம்மாள் அங்கேயே முடிந்துபோனாள். யோகப்பிரியாவின் அம்மா.

அடக்கம் முடிந்த மறுநாள்தான் சிவசங்கரி அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தாள்.

'சுவறில் புதிதாக ஒரு கோடு இருக்கிறது.' 'இன்று கோட்டில் என் விரல் போகிறது.' 'அப்பா சூப்பர்வைசர் ஜோபி சாரிடம் சொன்னார். மழை விடட்டும் என்றார்.' 'சுவறு வழியாக வெளிச்சம் தெரிகிறது.' ஒவ்வொன்றின் கீழும் சிவசங்கரியின் கையெழுத்து, தேதியோடு.

தலைமையாசிரியை ஜிஸ்மி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "இதுல உங்க ஒப்பு, தேதி எல்லாம் இருக்கு சிவசங்கரி. வெளிய போனா மொதல்ல உங்களத்தான் கேப்பாங்க. மழைல நனைஞ்சு போச்சுன்னு விட்ருங்க."

எஸ்டேட் ஆபீசில் விசாரணை நடந்தது. சூப்பர்வைசர் ஜோபி, தாசில்தார் முன்னால், "ஆரும் என்கிட்ட பராதி சொல்லியிட்டில்ல" என்றான். யாரும் புகாரே சொல்லவில்லையாம். சாந்தம்மாளின் புருஷன் பெரியமுத்து, "சொன்னேன் சார், ரெண்டு தடவ சொன்னேன்" என்று கையை விரித்தான். அதற்கு அவனிடம் அத்தாட்சி இல்லை. அப்போதுதான் சிவசங்கரி எழுந்து போய் நோட்டை மேசையில் வைத்தாள்.

தாசில்தார் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "டீச்சர் இத வாசிக்கலையா?"

"வாசிக்கல சார். திருத்துனேன்."

வெளியே பெரியமுத்து அவளுக்காக நின்றிருந்தான். "நோட்ட மறைக்காமக் குடுத்தீங்க, அது பெரிய காரியந்தான். ஆனா புள்ள இனிமே உங்க கிளாசுக்கு வராது டீச்சர்."



பத்து நாளில் மற்ற ஐந்து வீட்டுக்காரர்களையும் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். ஜோபியை வேறு டிவிஷனுக்கு அனுப்பியதோடு சரி. அடுத்த ஜூனில் சிவசங்கரியைப் பள்ளியில் கூப்பிடவில்லை. ஏலப்பாறையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். யோகப்பிரியாவைச் சித்தி உடும்பஞ்சோலைக்குக் கூட்டிப் போய்விட்டாள். பக்கத்தில் தமிழ்ப் பள்ளி இல்லாததால் மலையாளத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள் என்று, சேலை எடுக்க வந்த ஒருத்தி சொன்னாள்.