கப்பல் இல்லாதவர்க்கு விடுப்பு இல்லை

அண்மையில் பிரிக்பீல்ட்சில் நடந்த ஒரு கூட்டத்தில் பேச்சாளர் ஒருவர், பெரிய நாடுகளின் மக்கள் விடுமுறையைத் தம் நாட்டிற்குள்ளேயே கழிப்பதைச் சொல்லி நகைத்தார். அவர்களுக்கு உலகம் காணும் ஆவலே இல்லையாம். மலாயாத் தமிழராகிய நாமோ தொடக்கம் முதலே கடல் கடந்து உலாவிய இனமாம். அவை கைதட்டியது. அந்தக் கைதட்டலைப் பொறுக்க மாட்டாமல்தான் இதை எழுதுகிறேன். சப்பானியர் ஆட்சிக் காலத்தில் நம்முடைய அந்தப் பெருமை என் வீட்டில் என்ன செய்தது என்பதை அறிந்தவர் இன்று என்னையன்றி ஒருவரும் இல்லை. நான் எழுதாமல் விட்டால் அவர் சொன்னதே வரலாறாகிவிடும்.

அக்காலத்தில் நான் பிரிக்பீல்ட்சில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். போருக்கு முன்பிருந்தே அங்கு ஒரு வழக்கம் வேரூன்றியிருந்தது. நீண்ட விடுப்பு என்றால் இந்தியாவுக்குப் போவதற்கே. அதற்குப் பெயரே 'கப்பல் லீவு'. ஆண்டுக்கணக்கில் விடுப்பைச் சேர்த்துவைத்து, கப்பற்சீட்டை வாங்கி, தலைமை எழுத்தரான பெரிய கிராணியாரின் மேசைமேல் வைத்தால்தான் அவர் தலையசைப்பார். எந்த விதியிலும் இப்படி எழுதியிருக்கவில்லை. இந்த நாட்டிற்குள் எங்கேனும் போய்வர எவரும் விடுப்புக் கேட்டதில்லை. ஆகவே கேட்கக்கூடாது என்று ஆயிற்று.

போர் வந்தது. கப்பல் நின்றது. ஆட்சி மாறியது, கொடி மாறியது, கடிகார நேரங்கூட மாறியது. இந்த வழக்கம் மட்டும் அசையவில்லை.

என் மனைவி போருக்குச் சற்று முன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவள். குளிர்காய்ச்சல் அவளை விட்டுவிட்டுப் பிடித்தது. அதற்கான கொயினா மாத்திரை கிடைக்கவில்லை; அரிசியின்றி மரவள்ளிக்கிழங்கைத் தின்று எந்த உடம்பு தேறும்? அவளுடைய பெரியப்பா மகள் கிள்ளானில் குடியிருந்தாள். அங்கே தங்கி, துறைமுகக் கரையில் கடற்காற்று வாங்கினால் தேறலாம் என்று அவளுக்குத் தோன்றிற்று.

"என்னங்க, எங்க ஊர்ல சாரல் விழுந்தா குத்தாலம் போவோம். மாசியில திருச்செந்தூர்க் கடலு. அதுக்கெல்லாம் யாரு கப்பல் ஏறுனா? ஒரு நாலு நாளு கிள்ளானுக்குக் கூட்டிட்டுப் போங்க, போதும்" என்றாள்.

மறுநாளே கிராணியாரிடம் நாலு நாள் விடுப்புக் கேட்டேன். அவரும் தமிழரே.

"கிள்ளானுக்கு எவனாவது லீவு போடுவானா தம்பி? அங்க பாக்க என்ன இருக்கு, கொசுவா?"

"வீட்ல ஒடம்பு சரியில்லைங்க. கடல் காத்து பட்டா நல்லதுன்னு..."

"விடுங்கண்ணே" என்றார் அடுத்த மேசை எழுத்தர். "ஊருக்குத்தான் கப்பல் இல்ல. கிள்ளான் ஆத்துலயாவது நீந்திப் பழகட்டும்." அறையே சிரித்தது.

எனக்குச் சுருக்கென்றது. "நீங்க லீவுல போறீங்களே ஐயா, அந்த ஊர்க்காரங்க லீவுக்குக் கப்பலா ஏறுறாங்க?" என்று கேட்டேன்.

"அது பெரிய நாடு. மலை வேணும்னா மலை, அருவி வேணும்னா அருவி. இங்க ரப்பர் மரத்த விட்டா என்ன இருக்கு? லீவைச் சேத்து வை. கப்பல் வந்ததும் பொஞ்சாதியோட ஊருக்குப் போய் நிம்மதியா இருந்துட்டு வா. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

உண்மையிலேயே என் நன்மையைக் கருதித்தான் சொன்னார். அதுதான் இன்றும் ஆறவில்லை. அவர் சொன்னதில் பாதி சரி. மூன்று நாள் தொடர்வண்டியில் சென்றாலும் எல்லை தென்படாத நாட்டில், பிறந்தவன் தன் நாட்டையே பார்த்து முடிக்க மாட்டான். கையில் இருக்கும் காசு எங்கும் செல்லும், கடவுச்சீட்டு வேண்டாம், போகுமிடமெல்லாம் உறவு இருக்கும், பழகிய உணவும் கிடைக்கும். அவன் ஏன் கடலைத் தாண்ட வேண்டும்? நம்மவர் கடல் தாண்டியதும் அதே காரணத்தால்தான்: சோறும் உறவும் தேடி. அதற்கு உலகம் காணும் ஆவல் என்று பெயர் சூட்டுவது பொய். காலடியிலிருந்த மண்ணை ஒரு நாடாகவே நாம் எண்ணியதில்லை என்பதுதான் மெய்.

எனக்குக் கிடைத்தது வழக்கமான ஓய்வு நாள் ஒன்றே. காலை வண்டியில் நெரிசலுக்கிடையே அவளை அழைத்துச் சென்றேன். துறைமுகத்தருகே மணற்கரை இல்லை; நீரில் வேரூன்றிய கண்டற்காடும் சேறுமே. அப்பால் அகன்ற நீர். ஒரு மரக்கட்டையில் அமர்ந்து அவள் காற்றுக்கு முகத்தைக் கொடுத்தாள். காற்றில் முகம் சற்றுத் தெளிந்தது.

"இவ்வளவு கிட்டத்துலயா இருந்துச்சு? ஒருத்தரும் சொல்லலையே" என்றாள்.

அக்காள் வீட்டில் இராத் தங்கலாமா என்று கேட்டாள். எனக்கு மறுநாள் அலுவலகம்; அந்தக் காலத்தில் அவளைத் தனியே விட்டுவரவும் துணியவில்லை. மாலை வண்டியிலேயே திரும்பினோம். வழி நெடுக நின்றுகொண்டே வந்தாள். வீடு சேர்வதற்குள் காய்ச்சல் மீண்டும் ஏறியிருந்தது. அடுத்த மழைக்காலத்தில், போர் முடிவதற்கு முன்பே, அவள் இறந்தாள். நாலு நாள் தங்கியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று நான் சாதிக்கவில்லை, நான் மருத்துவனல்லன். ஆனால் அந்த நாலு நாளை அவளுக்கு மறுத்தது சப்பானியன் அல்லன், நம்மவர் வழக்கம். துக்கம் விசாரிக்க வந்த கிராணியார்கூட, "ஊரைப் பாக்காமலே போயிட்டாளே" என்றுதான் வருந்தினார். அவள் கேட்டது ஊரையன்று.

ஆண்டுகள் பல கடந்தபின் எழுதுகிறேன். வண்டி நேரங்களிலும் துறைமுகக் கரையின் அமைப்பிலும் பிழை நேர்ந்திருக்கலாம். கப்பல் விடுப்பு வழக்கம் மற்ற அலுவலகங்களில் எவ்வாறிருந்தது என்பதையும் நான் அறியேன். உள்நாட்டுப் பயணத்திற்கு விடுப்புத் தந்த தமிழ்க் கிராணியார் ஒருவரேனும் இருந்தார் எனில், அறிந்தவர்கள் அன்புகூர்ந்து தெரிவித்து, என் கூற்றைத் திருத்துமாறு வேண்டுகிறேன்.