அன்று தலையாட்டியது நான்தான்

எழுதுவதற்கு உனக்கு என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் அது நியாயம்தான். பத்தாவது வரை படித்தேன். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், ரேஷன் கார்டுக்கு ஒரு மனுவும்தான். நன்றாக எழுதுகிறவர்கள் உட்காரும் இடத்தில் வந்து உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். பேச வேண்டிய ஒரு நாளில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சங்கராபுரத்திலிருந்து மலைக்குப் போகிற சாலையில் இருக்கும் ஒரு இல்லத்தில் வேலை பார்க்கிறேன். வயதானவர்களும் உடம்பு முடியாதவர்களும் அங்கே இருக்கிறார்கள். சமையல் என் பொறுப்பு. பெண்கள் பகுதியில் குளிப்பாட்டுவது, தலை சீவுவது, ஊட்டிவிடுவது எல்லாமும் நான்தான். யாரிடமும் அதிகம் பேச மாட்டேன். சின்ன வயதிலிருந்தே அப்படி. நாலு பேர் என்னைப் பார்த்தால் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

எங்கள் இல்லத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்து நாலு வயது இருக்கும். சம்பளம் இல்லாமல், சொந்தச் செலவில் மூன்று மாதம் எங்களோடு இருந்து உதவி செய்ய வந்தவள். வந்த இரண்டாம் நாளே தரையில் உட்கார்ந்து ஒவ்வொருவர் காலாக எடுத்து மடியில் வைத்து நகம் வெட்ட ஆரம்பித்தாள். எல்லோரும் காலை இழுத்துக்கொண்டார்கள். கண் தெரியாத பெரியம்மா ஒருவர் மட்டும் நன்றாக நீட்டிக் கொடுத்தார்.

"என் காலப் புடிக்க ஏரோப்ளேன்ல ஆள் வந்துகீது பாரு. எம் மருமவ பக்கத்து வூட்ல இருந்துகினு வரமாட்டா" என்றார்.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அவள் மொழி தெரியாது. அவள் போனில் பேசினால் அது தமிழில் சொல்லும். நாம் தமிழில் பேசினால் அவளுக்குச் சொல்லும். எல்லோரும் அந்தப் போனைப் பிடித்து ஆசை ஆசையாகப் பேசினார்கள். நான் பேசவில்லை. ஒரு போனுக்குக் கூட என் குரலைக் கொடுக்கக் கூச்சம். அவள் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டு தலையாட்டிவிடுவேன். உப்பு வேண்டுமா என்றால் ஒரு ஆட்டு. துணி காய்ந்ததா என்றால் ஒரு ஆட்டு. பெரும்பாலும் அது போதுமானதாகத்தான் இருந்தது.

இல்லத்தில் பாப்பா என்று ஒருத்தி இருக்கிறாள். பெயர் வேறு. எல்லோரும் பாப்பா என்று கூப்பிடுவோம். முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. கல்வராயன் மலையில் ஒரு ஊர். கால்கள் மடங்கியே இருக்கும், மனசு குழந்தை மனசு. அம்மா செத்ததும், அண்ணன் வேலைக்கு வெளியூர் போக வேண்டியிருந்ததால் எங்களிடம் கொண்டுவந்து விட்டார். வந்த நாளிலிருந்து ஒரு சத்தம் கிடையாது. வீட்டில் அம்மாவோடு பாடுவாள் என்று அண்ணன் சொன்னார். தொண்டையில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். இரண்டு வருஷம் நாங்கள் அவள் குரலைக் கேட்கவில்லை.

அந்தக் குரலை வெளிநாட்டிலிருந்து வந்த பெண்தான் கொண்டுவந்தாள். எங்கள் இல்லத்தில் வழக்கம் என்னவென்றால், சுற்று வட்டாரத்தில் யாருக்காவது பிறந்த நாள் என்றால் அன்றைக்கு ஒரு வேளை சாப்பாடு கொடுப்பார்கள். குடும்பத்தோடு வருவார்கள். பிறந்த நாள்காரருக்கு மாலை போடுவோம். எல்லோரும் கைதட்டிப் பிறந்த நாள் பாட்டுப் பாடுவோம். போட்டோ எடுப்பார்கள். அதற்கப்புறம்தான் இலையில் கை வைக்கலாம். ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் பாப்பாவின் பின்னால் உட்கார்ந்து அவள் இரண்டு கையையும் பிடித்துத் தட்டிக்கொண்டே காதோரம் பாடுவாள். ஐந்தாவதோ ஆறாவதோ முறை, பாப்பா வாயிலிருந்து அந்த மெட்டு வந்தது. சொல் இல்லை, மெட்டு மட்டும். நான் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அதற்கப்புறம் யார் வந்தாலும் முதலில் பாடுவது பாப்பாதான்.

அந்தப் பெண் ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருந்தபோது அது நடந்தது.

ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தன் அம்மாவின் முதல் வருஷத் திதிக்குச் சாப்பாடு சொல்லியிருந்தார். வெங்காயம் பூண்டு சேர்க்கக் கூடாது என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். நானும் அப்படியே சமைத்தேன். வாழைக்காய் பொரியல், பூசணிக்காய் கூட்டு, வடை, பாயசம். பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள். பாயசத்தைக் காட்டி, கைதட்டிக் காட்டி, "பர்த்டே?" என்று கேட்டாள்.

அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியும். இல்லை, திதி என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? போனை வேறு நீட்டினாள். நான் சிரித்துக்கொண்டு தலையாட்டிவிட்டேன்.

அந்த விவசாயி தன் அக்காவோடு வந்தார். அம்மா போட்டோவை நாற்காலியில் வைத்து மாலை போட்டார். மாலை போட்டால் பிறந்த நாள் என்பதுதான் அந்தப் பெண் எங்களிடம் பார்த்துப் பழகியது. வர முடியாத பாட்டிக்குப் போட்டோ வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள். ஜன்னலில் பலூன் கட்டியிருந்தாள். நான் ரசம் தாளித்துவிட்டு வெளியே வருவதற்குள் கைதட்டல் கேட்டது. பாப்பா பாட ஆரம்பித்திருந்தாள். கூடவே எல்லோரும்.

அக்கா எழுந்து நின்றுவிட்டார். "இன்னாங்க இது? எங்கம்மா செத்து ஒரு வருஷம் ஆவுது. பலூன் கட்டிப் பாடறீங்க?"

பாட்டு நின்றது. பாப்பா மட்டும் நிறுத்தவில்லை. அக்கா அவள் பக்கம் திரும்பி, "நிறுத்து" என்று கத்தினார். தம்பி வாயில் துண்டை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, வெளியே போய்விட்டார். இலையில் உட்காரவே இல்லை.

பொறுப்பாளர் அம்மா அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவள் முகம் சிவந்து, ஒவ்வொருவராகப் போய் ஸாரி ஸாரி என்றாள். என்னிடமும் வந்து சொன்னாள். நான் அதற்கும் தலையாட்டினேன்.

பாப்பா அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டாள். பாட்டு மட்டும் இல்லை, சோறும். ஊட்டப் போனால் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். கஞ்சி இரண்டு டம்ளர் உள்ளே போனால் பெரிது. அந்தப் பெண் ஊருக்குப் போய்விட்டால் இந்த வாய் இனித் திறக்குமா என்ற பயம் எனக்கு வந்துவிட்டது. தப்பு செய்தவள் அடுப்படியில் நிற்கிறேன், திட்டு வாங்கியவர்கள் அவர்கள் இரண்டு பேரும்.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் எனக்கு லீவு. ஆபீஸ் நோட்டில் ஊர்ப் பெயரைப் பார்த்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி அந்த விவசாயி வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் ரோட்டோரம் மக்காச்சோளத்தைக் காயப்போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்.

"இல்லத்துல இருந்துதான வர்றீங்க? உக்காருங்கம்மா."

நான் உட்காரவில்லை. "சார், அன்னிக்கு ஆனது என் தப்புங்க. அந்தப் பொண்ணு என்னைக் கேட்டுச்சு. நான்தான் தலைய ஆட்டிட்டேன். நீங்க அழுதுகினே போனீங்க. எனக்கு மனசு கேக்கல."

அவர் காலால் கிளறுவதை நிறுத்தினார். "யாரு அழுதா?"

"துண்ட வாய்ல வச்சிகினு போனீங்களே."

"அது அழுகை இல்லம்மா, சிரிப்பு. எங்கம்மாக்கு, தான் எந்த மாசம் பொறந்துச்சுன்னே தெரியாது. ஆதார் கார்டுல ஒரு தேதி போட்டிருப்பான். அதப் படிச்சிக் காட்டுனா, யார்ரா அவன், நான் பொறக்கும்போது பக்கத்துல இருந்தவன்னு கேக்கும். அன்னிக்கு போட்டோவுல அது மூஞ்சியப் பாத்துகினே உக்காந்திருக்கேன், நீங்க பாடறீங்க. உசுரோட இருந்திருந்தா வயித்தப் புடிச்சிகினு சிரிச்சிருக்கும். எங்கக்கா பக்கத்துல கீது. சிரிச்சேன்னா அன்னியோட தொலைஞ்சேன். ஓடிட்டேன்."

அவர் மறுபடி சோளத்தைக் கிளறினார்.

"முதல்ல பாடுச்சே ஒரு பொண்ணு, காலு முடியாதது. நல்லா பாடுச்சு. எப்படி கீது?"

"பாடறதில்லைங்க. சாப்பாடும் கம்மி."

அவர் காலில் ஒட்டிய சோளத்தைத் தட்டிவிட்டார். பிறகு உள்ளே போய் ஒரு பை வேர்க்கடலை கொண்டுவந்து கொடுத்தார். "நான் கோச்சிக்கலன்னு சொல்லுங்க" என்றார்.

சாயந்திரம் இல்லத்துக்குத் திரும்பினேன். மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. நேராகப் பொறுப்பாளர் அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல" என்றார். அவ்வளவுதான். பிறகு பெட்டி கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் போய்ப் போனைக் கேட்டு வாங்கி, முதல் தடவையாக அதில் பேசினேன். "தப்பு உன்னுது இல்லம்மா. என்னுது. அவரு கோச்சிக்கல." போன் அவள் மொழியில் ஏதோ சொன்னது. அவள் இன்னொரு முறை அதைக் கேட்டாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவள் தலையில் எங்கள் தேங்காய் எண்ணெய் வாசனை.

பாப்பாவுக்கு எப்படிச் சொல்வது? ரிஷிவந்தியத்தில் ஒருவர் கோபித்துக்கொள்ளவில்லை என்றால் அவளுக்கு என்ன புரியும்? ரசம் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு போய், அந்தப் பெண் உட்காருவது போல அவள் பின்னால் உட்கார்ந்தேன். கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாட்டை ஆரம்பித்தேன்.

"யாரும்மா அது? கொரல் புதுசா கீதே" என்றார் கண் தெரியாத பெரியம்மா.

"நான்தாம்மா. சமையல்காரி."

"அடியே, உனக்கு வாய் கீதா? நான் இத்தினி நாளா ஊமைக்காரி கையில இல்ல தின்னுகினு கீறேன்."

கூடமே சிரித்தது. நான் நிறுத்தியிருப்பேன், ஆனால் பாப்பா திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடாமல் பாடினேன். நடுவில் மெட்டு மேலே ஏறும் இடத்தில் என் குரல் உடைந்து நின்றுவிட்டது. பாப்பா முகத்தைச் சுளித்தாள். பிறகு அந்த ஓர் இடத்தை மட்டும், அது எப்படி ஏற வேண்டுமோ அப்படி, அவளே பாடிக் காட்டினாள். காட்டிவிட்டு, வாயை மூடாமல் அப்படியே வைத்திருந்தாள். நான் சோற்றை வைத்தேன்.

மறுநாள் காலை அந்தப் பெண் பஸ் ஏறிப் போனாள். அன்றைக்குச் சாப்பாடு கொடுக்க யாரும் வரவில்லை. வெங்காயம் போட்டுச் சாம்பார் வைத்தேன். பாப்பா இரண்டு முறை வாங்கினாள்.