குண்டு விழுந்த குழி

மலையுச்சிக்கு ஏறுகிறவர்கள் பழைய போர்க்காலப் பீரங்கி மேடையைப் பார்க்கத்தான் ஏறுகிறார்கள். இறங்கும்போது பேரிக்காய்க்காரம்மாவிடம் நிற்பார்கள். மேடைக்குக் கீழே அவருடைய அப்பா விட்டுப்போன பதினேழு மரங்கள். கிளை கழிப்பது, காய்க்கு உறை மாட்டுவது, பறிப்பது எல்லாம் அவரும் அவருடைய அண்ணனும்தான். மரங்களுக்கு எண் கிடையாது, பெயர்தான்: வாசல் மரம், குரங்கு மரம், குண்டு விழுந்த குழி மரம்.

அந்தக் கடைசிப் பெயர்தான் வம்பாகிவிட்டது.

நாங்கள் போன அன்று, போர்ச் சின்னங்களைப் பதிவு செய்யும் அதிகாரி ஒருவர் வந்திருந்தார். "குண்டு விழுந்த குழிகிட்ட ஏணியப் போடுண்ணே" என்று அம்மா கத்தியது அவர் காதில் விழுந்துவிட்டது. குழியைச் சுற்றியிருந்த ஆறு மரங்களில் சிவப்புச் சாயம் ஏறியது.

"குண்டு விழுந்த இடத்தப் பாதுகாக்கணும்மா. வேலி போடுவோம். இந்த ஆறும் போகும்."

நன்றாகக் காய்ப்பவையே அந்த ஆறுதான். அம்மாவின் முகம் வெளுத்தது.

"ஐயோ சார், அது அந்தக் குண்டு இல்ல! எங்கண்ணன் குண்டு!"

ஏணியிலிருந்து இறங்கியவர், குச்சிக்குச் சட்டை மாட்டியது போல இருந்தார்.

"இவரா குண்டு?"

"சின்ன வயசுல சார்," என்றார் அண்ணன் கூச்சத்தோடு. "எங்கப்பா வெட்டுன எருக்குழி இது. காயப் பாத்துக்கிட்டே போயி உள்ள விழுந்துட்டேன். தூக்க நாலு பேரு வந்தாங்க."

"மரத்துக்காக நல்லாத்தான் கதை கட்டுறீங்க."

வெளியூர்க்காரர்கள் நாங்கள் நடுவில் பேசலாமா என்று தெரியாமல் நின்றோம். அம்மா மண்வெட்டியை எடுத்துக் குழிக்குள் இறங்கினார். சருகை வழித்தார், மண்ணை இழுத்தார். மூச்சு வாங்கியது. ஒரு செங்கல் தெரிந்தது, பிறகு ஒரு வரிசை. கடைசியில் கட்டிய மூலை ஒன்று.

"குண்டு எங்கயாவது செங்கல் அடுக்கி, மூலை பாத்து விழுமா சார்?"

அதிகாரி குனிந்து தடவிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கையிலிருந்த தாளில் ஒரு வரியை அடித்துவிட்டார்.

அவர் போன பிறகு அம்மா குழியிலிருந்து ஏறி வந்தார். "இனிமே எருக்குழின்னே சொல்லுவோம்ண்ணே."

அண்ணன் முகம் சுருங்கியது. "உடம்புதான் போச்சு. பேராவது இருக்கட்டுமே."

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சரி, இருக்கட்டும். ஆனா ஆபீசருங்க வந்தா வாயத் தொறக்காத."