கொத்தினால் ஆடும் ட்ரெய்லர்

அன்று லண்டனில் பார்க்கிங் என்ற ஊரின் சந்தையோரத்தில் நிறுத்தியிருந்த எங்கள் சாப்பாட்டு ட்ரெய்லருக்குள் நானும் ராசன் அண்ணையும் பாதுகாப்புப் பரிசோதனைக்கு வந்த கவுன்சில் அதிகாரியும் இருந்தோம். கடையில் பங்குள்ள மச்சான் மட்டும், "எப்பிடியும் மூடத்தான் போறாங்கள்" என்று சொல்லி வராமல் நின்றுவிட்டான்.

அண்ணை கொத்துரொட்டி கொத்தத் தொடங்கியதும் ட்ரெய்லர் ஆடியது, கொதியெண்ணெய் தளும்பியது. கொத்துவதை நிறுத்தாவிட்டால் கடையை மூடவேண்டும் என்றார் அதிகாரி. குடும்பத்தில் முதலில் படித்தவன் என்பதால் அதிகாரிகளோடு பேசுவது நான்தான். அதிகாரிகளுக்குத் தலையாட்டியே பழகியவன்.

"கொத்தாமல் என்னடா கொத்துரொட்டி?" என்றார் அண்ணை.

எனக்கு உறைத்தது. "ஆடுவது ட்ரெய்லர்தானே, அதை நிறுத்துகிறோம்" என்று அதிகாரியிடம் ஒரு மணித்தியாலம் அவகாசம் கேட்டேன். பக்கத்தில் வாகனம் திருத்தும் கராச்சில் இரும்பு முட்டுகள் வாங்கிவந்து, சில்லுகள் உருளாமல் கட்டை அணைத்து, அடிச்சட்டத்தின் நான்கு மூலைக்கும் முட்டுக் கொடுத்தேன்.

"இப்ப கொத்துங்கோ அண்ணை, லண்டனுக்கே கேக்கட்டும்!"

எண்ணெய் அசையவில்லை. அதிகாரி கடையை நடத்தலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

இன்றும் யாராவது எங்களை அடங்கச் சொன்னால், உண்மையில் எது ஆடுகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். அன்று முட்டுகளுக்குக் கொடுத்தது முப்பத்திரண்டு பவுண்தான்.