பெரியவனின் குரல்

கப்பல் பட்டறை வெல்டர் ஊர் வந்து சேர்ந்தபோது கதவைத் திறந்தவன் தம்பி. சந்தோஷப்படுவான் என்று பார்த்தால், பேயறைந்தவன் மாதிரி நின்றான்.

"என்னண்ணே, சொல்லாம கொள்ளாம?"

"ஏன்டா, என் வீட்டுக்கு வர உன்கிட்ட கேட்கணுமா?" என்று சிரித்துக்கொண்டே இவன் உள்ளே போனான்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சர்க்கரை வியாதி இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டிருந்தது. இவன் அவள் காலடியில் உட்கார்ந்து, "அம்மா, பெரியவன் வந்திருக்கேம்மா" என்றான்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "யாருப்பா நீ?"

இரும்புப் புகையை வருஷக்கணக்காகக் குடித்த தொண்டை இவனுடையது, குரல் கரகரத்துப் போயிருந்தது. முதலில் எல்லாம் ஒழுங்காகப் போன் பேசிக்கொண்டிருந்தவன்தான். அப்புறம் ஷிப்ட், அசதி, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம். அந்த நாளை வரவே இல்லை. பாவி, தம்பிக்கு இரண்டு வரி மெசேஜ் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டான்.

"சின்ன வயசுல பீரோவுக்குள்ள ஒளிஞ்சு தூங்கிட்டேன், தெருவே தேடுச்சே. ஞாபகம் இல்லையாம்மா?"

"அதைத்தான் சின்னவன் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கானே! என் பெரியவன் தினம் சாயங்காலம் போன் பண்றான். அவன் குரல் எனக்குத் தெரியாதா?"

தினமுமா? இவன் தம்பியைப் பார்த்தான். பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்து வண்டி நேரம் சொல்பவன் தம்பி. பள்ளிக்கூடத்திலேயே அண்ணன் மாதிரி பேசி வாத்தியாரை ஏமாற்றியவன்.

சமையலறைக்குள் வைத்துத் தம்பி எல்லாவற்றையும் கொட்டினான்.

"பெரியவன் செத்துட்டானா, மறைக்கிறியான்னு கேட்டு அம்மா சாப்பாட்டையே நிறுத்திட்டாங்கண்ணே. ஒரு நாள் மட்டும்னு தெருமுனைக்குப் போய் போன்ல உன் குரல்ல பேசினேன். அப்புறம் விட முடியல."

"உண்மையைச் சொல்லிடுடா. எனக்கு என் அம்மா வேணும்."

"நேர்ல சொல்ல தைரியம் இல்லண்ணே. இன்னைக்குப் போன்லயே சொல்லிடுறேன்."

சாயங்காலம் தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். "பெரியவன் கூப்பிடுற நேரம் பார்த்து ஓடிடுவான், கழுதை!" என்று அம்மா திட்டினாள்.

போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா."

இவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஊரை விட்டுப் போனபோது இவனிடம் இருந்த அதே குரல். தான் செத்துப்போய், தன் குரல் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது போல இருந்தது.

"கண்ணு, யாரோ ஒருத்தன் நீதான்னு சொல்லிக்கிட்டு வந்திருக்கான். பயமா இருக்குடா."

சொல்லுடா, சொல்லு, என்று இவன் மனசுக்குள் கெஞ்சினான்.

"ஏன்டா பேச மாட்டேங்குற? உனக்கு ஒண்ணும் ஆகலையே? ஐயோ, உனக்கு ஏதாவதுன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்!"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கேன். அவர்... என்கூட வேலை பார்க்கிறவர்தான். விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார். நம்ம வீட்டுல தங்கட்டும்."

போனை வைத்த அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது.

"முதல்லயே சொல்லக் கூடாதாப்பா? நல்லா பயமுறுத்திட்ட." குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள், "என்கிட்ட மறைக்காம சொல்லு. என் பிள்ளை அங்க எப்படி இருக்கான்?"

இவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நல்லா இருக்கான்மா. உங்களை நினைக்காத நாளே இல்ல."