கித்துள் பாணியும் பரண் மிளகாயும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வெங்காயத்தைக் கருகவிட்டேன். வேண்டுமென்றேதான். கம்பியில் குத்திய வெங்காயத்தை கேஸ் அடுப்பின் நெருப்பில் பிடித்துக்கொண்டு நின்றபோது, பதுளை நகரத்து மாடி வீட்டில் இதென்ன கூத்து என்று என் கணவர் எட்டிப் பார்த்தார். பார்பிகியூ சோஸ் செய்கிறேன் என்றேன். கடையில்தான் விற்கிறதே என்றார். மனிதர் நல்லவர். பேசக்கூடாத நேரத்தில் பேசுவார், அவ்வளவுதான்.

கருகிய தோலின் மணம் பரவியதும் எனக்கு எங்கள் லயம் நினைவுக்கு வந்துவிட்டது. நமுனுகுல மலைச்சரிவுத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே தகரக் கூரையின் கீழ் வீடுகள் ஒட்டிக்கொண்டு நின்ற நீளமான வரிசை. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் எல்லா வீட்டுக்கும் பசிக்கும். வரிசையின் கடைசிக் காம்பரா வீடு எங்களுடையது. அப்பா முன்பே இறந்துவிட்டார். அம்மா கொழுந்து பறித்தாள். நான் அப்போதுதான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். சேலை கட்டத் தெரியாமல், ஊசிகளின் தயவில் நடமாடிய காலம் அது. அண்ணன் செல்வம் கட்டாரில் ஒரு கிரில் உணவகத்தில் சமையல்காரன்.

கொரோனா வந்தது, உணவகத்தை மூடினார்கள். அண்ணன் ஒரே ஒரு பையோடு திரும்பி வந்தான். முதல் சில நாட்கள் லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது. அப்புறம் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார்கள்: “எப்ப தம்பி திரும்பிப் போறீங்க?” அன்பாகத்தான் கேட்டார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்தே அண்ணன் வெளியே போவதை நிறுத்திக்கொண்டான். மலைத்தண்ணீர் விழும் பீலிக்குக் குளிக்கப் போவதென்றால்கூட ஆளில்லாத நேரம் பார்த்துப் போவான். சோற்றைப் பிசைவான், சாப்பிடமாட்டான். சேர்ந்து படித்த ரிஸ்வான், பதுளை பஸாரில் கோழிக்கடை வைத்திருப்பவன், தொலைபேசியில் அழைத்தாலும் எடுக்கமாட்டான்.

அம்மா அவனை ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் மாலை, கூரை இடுக்கில் இருந்த காய்கறித் தோட்டத்துப் பூச்சிமருந்துப் போத்தலை முந்தானைக்குள் மறைத்து எடுத்துப்போய், பக்கத்து வீட்டு ராசம்மா அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். நான் பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். அதைப்பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் என் காது மட்டும் லயத்துப் பக்கமே இருக்கும்.

எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. சாப்பாட்டைப் பற்றிப் பேசத் தெரியும், அது பிறவிக் குணம். ஒரு சனிக்கிழமை, அங்கே வெள்ளைக்காரர்கள் எதைத்தான் விரும்பிச் சாப்பிடுவார்கள் என்று அண்ணனைக் கேட்டேன். கோழி, மாடு, எதுவானாலும் மேலே பூசுகிற அந்த சோஸ்தான் விஷயம் என்றான். இனிக்கும், புளிக்கும், கொஞ்சம் உறைக்கும், எல்லாவற்றுக்கும் பின்னால் புகை மணக்கும். புகைக்கென்றே அங்கே தனிப் போத்தல் உண்டாம்.

“போத்தல்ல பொகையா?” என்றேன்.

அண்ணன் சிரித்துவிட்டான். வந்த பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு அடங்குவதற்குள் செய்து பார்ப்போம் என்று நான் எழுந்துவிட்டேன்.

முதல் முயற்சிக்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. கடைத் தக்காளி சோஸில் சீனியும் வினாகிரியும் மிளகாய்த்தூளும் கொட்டிக் காய்ச்சினேன். மலையிலிருந்து இறங்கி வந்த அம்மா விரலில் தொட்டு நக்கிவிட்டு, கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“ஜாம்ல மொளகாத்தூள் விழுந்துருச்சா?” என்றாள்.

அடுத்த நாள் எழுந்து பார்த்தால் அண்ணன் அடுப்படியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான். நெருப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண். அதில் மிளகாயும் கொறக்காப்புளியும் மாதக்கணக்காகப் புகை குடித்துக் கறுத்துக் கிடந்தன. எங்கள் விறகு மிலாறு, அதாவது கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் குச்சி. அதன் புகை கண்ணைக் கரிக்கும். ஆனால் ஒரு மிளகாயைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள், புகைக்கு ஏன் போத்தல் என்று நீங்களும் கேட்பீர்கள்.

சீனி சரிவராது, கித்துள் பனைச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் கித்துள் பாணிதான் வேண்டும் என்றான் அண்ணன். பாணி மலைக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தில்தான் நன்றாக இருக்கும். நான் போய் வாங்கிவருகிறேன் என்று சேலையை இழுத்துச் சொருகினேன். “வேணாம், நானே போறேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு, லயத்து வாசல் நெடுக எல்லோரும் பார்க்க நடந்து போனான்.

நடுப்பகல் தாண்டியது. மூன்று மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கியது. அம்மா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். நான் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துவதாகப் பாவனை செய்து ஒரே பக்கத்துக்கு இரண்டு தடவை சரி போட்டேன். கடைசியில் மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணன் வந்தான். அந்தக் கிராமத்தில் பாணி காய்ச்சுகிற பெண் அவனை உட்கார வைத்து, பலாக்காய் அவித்துக் கொடுத்து, கட்டார் கதையெல்லாம் கேட்டாராம். எப்போது திரும்பிப் போகிறாய் என்று மட்டும் கேட்கவில்லையாம். அம்மா போத்தலை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். முகத்தை அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டதை நான் மட்டும் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு பெரிய சமையல். வெங்காயம், பூண்டு, தக்காளி எல்லாவற்றையும் தணலில் புதைத்துத் தோல் கருகச் சுட்டான். பரண் மிளகாயையும் ஊறவைத்த கொறக்காவையும் சேர்த்து நான் அம்மியில் அரைத்தேன். பாணியை ஊற்றிக் கொதிக்கவிட்டதும் சட்டி அடிப்பிடிக்கத் தொடங்கியது. தண்ணீர்க் குடம் காலி. அம்மா பதறி, கையில் இருந்த சாயத்தண்ணியை, அந்தச் சர்க்கரையில்லாத வெறும் தேத்தண்ணியை, அப்படியே சட்டியில் கவிழ்த்துவிட்டாள். அண்ணன் ஒரு கணம் திகைத்தான். கிண்டி, ருசி பார்த்தான். பிறகு அம்மாவிடம் இன்னும் அரைக் கோப்பை கேட்டான்.

ரிஸ்வானுக்கு நான்தான் முதல் நாளே சொல்லியிருந்தேன். தன் கடைக் கோழிகளோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்று கேட்காமல், சட்டைக் கையை மடித்துக்கொண்டு தணலை விசிற உட்கார்ந்தான். லயத்துப் பிள்ளைகளெல்லாம் மணத்துக்கு வந்துவிட்டார்கள். சாப்பிட்டு முடித்த ரிஸ்வான் விரலைச் சூப்பிக்கொண்டே சொன்னான்: “மச்சான், இத போத்தல்ல ஊத்திக் குடு. கோழிக்குப் பக்கத்துல வச்சு நான் விக்கிறேன்.”

 மறுநாள் மாலை அண்ணன் என்னிடம் வெறும் போத்தல் இருக்கிறதா என்று கேட்டான்.

அதற்குப் பிறகு அவனே தக்காளிச் செடி போட்டான். செடியில் புழு விழுந்தபோது, மருந்துப் போத்தல் எங்கே என்று அம்மாவிடம் கேட்டான். அம்மாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. ராசம்மா வீட்டில் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். அண்ணன் அவளையே பார்த்தான். ஏன் அங்கே இருக்கிறது என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

“அங்கேயே இருக்கட்டும்மா,” என்றான். “எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஒன் மனசு ஆறுற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும். புழுவ நான் கையால பொறுக்கிக்கிறேன்.”

அம்மா அடுப்பை ஊதினாள். அன்று புகை கொஞ்சம் அதிகம்தான்.

இப்போது அண்ணனுக்கு எல்ல நகருக்குப் போகும் பாதையில் சிறியதாக ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. வாரக் கடைசியில் போனால் இடம் கிடைக்காது, தங்கை என்றாலும் நிற்கத்தான் வேண்டும். இரும்புப் பீப்பாயில் கொய்யா விறகு போட்டுப் புகையூட்டுகிறான். உண்மையைச் சொன்னால், அன்று செய்ததைவிட இன்றைய சோஸ்தான் நன்றாக இருக்கிறது. சாயத்தண்ணியை மட்டும் அவன் விடவில்லை.

லயத்தை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் போஞ்சிக் கொடி படர்ந்திருக்கிறது. எங்கள் பரண் எந்த இடத்தில் இருந்தது என்று போன தடவை தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. ராசம்மா அக்கா மகளோடு கொழும்புக்குப் போய்விட்டார். மிலாறு கட்டைத் தலையில் சுமந்து பெண்கள் வரிசையாக இறங்கிவரும் காட்சியும் குறைந்துவிட்டது.

அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறாள். தனி வீடு, கேஸ் அடுப்பு. புகை போனதோடு அவளுடைய விடிகாலை இருமலும் போய்விட்டது. முன்பெல்லாம் அந்த இருமல் கேட்டுத்தான் நாங்கள் கண்விழிப்போம். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பெயர் கொடுக்க இருட்டோடு எழுந்து ஓடியே அவள் காலம் கழிந்தது. விடுமுறைக்குப் போய்த் தங்கினால் இப்போது என்னை எழுப்ப ஆளில்லை. நன்றாக வெயில் ஏறிய பிறகுதான் எழுகிறேன். எழுந்து எட்டிப் பார்த்தால், அம்மா இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.